மழைக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒரு சிடார் திண்ணை

கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. கணக்குப் பார்த்தால் நம் ஊர்தான் முந்துகிறது. ஆனால், சென்னை தன் மழையில் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி நாளெல்லாம் வெயிலில் காயும். வான்கூவரோ அந்த மழையை ஆண்டில் 160 நாள்களுக்கும் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்துகொண்டே இருக்கும். இடி, மின்னல் எல்லாம் அபூர்வம். காலையில் எழுந்தால் தூறல், மதியம் தூறல், நான்கே கால் மணிக்கு இருட்டும் டிசம்பர் மாலையிலும் தூறல்.

இந்த ஊரில் ஒரு பொருள் நனைவதைத் தடுக்கவே முடியாது. நனைந்தது எப்படிக் காயும் என்பதுதான் கேள்வி. அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மரத்தளம் எழும்பியதை மூன்று வாரம் பக்கத்திலிருந்து பார்த்தபோது, இந்தக் கேள்விக்குத்தான் ஒவ்வொரு பலகையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கடலைத் தாண்டினால் மலை

வான்கூவர் நகரின் வாட்டர்ஃப்ரன்ட் நிலையத்திலிருந்து ‘சீபஸ்’ என்ற பயணிகள் படகில் ஏறினால், பன்னிரண்டு நிமிடத்தில் எதிர்க்கரையில் இருக்கும் நார்த் வான்கூவரில் இறங்கிவிடலாம். கரையிலிருந்தே ஊர் மேல்நோக்கி ஏறத் தொடங்கிவிடுகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலேறி, குளிர்ந்து, மழையாகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றுக்குச் செய்யும் அதே வேலை. விமான நிலையத்தில் 1,200 என்றால், இங்கே மலையடிவாரத்தில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்களும் உண்டு.

அக்கா வீடு இருப்பது லின் வேலி என்ற பகுதியில். பக்கத்திலேயே லின் கேன்யன் பூங்கா. 1912-ல் திறக்கப்பட்ட தொங்குபாலம் ஒன்று அங்கே இருக்கிறது. கட்டணம் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கூட்டமாகப் போவது, காசு வாங்கும் கப்பிலானோ தொங்குபாலத்துக்கு. அதன் கதையும் சிடாரில்தான் தொடங்குகிறது. 1889-ல் ஜார்ஜ் கிரான்ட் மக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர், சணல் கயிறும் சிடார் பலகையும் வைத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே அதைக் கட்டினார். இன்று இரும்பு வடத்தில் நிற்கும் அந்தப் பாலம் 140 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 70 மீட்டர் உயரம்.

இந்தப் பகுதி வீடுகளில் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்கதவைத் திறந்தால் தரை ஏழெட்டு அடி கீழே கிடக்கும். மனை முழுக்க சரிவு. நாற்காலி போட்டால் சாயும், துணி காயப்போட நின்றால் வழுக்கும். அதனால்தான் பின்கதவை ஒட்டி, தூண்கள் மேல் ஒரு மரத்தளம் போட்டுக்கொள்கிறார்கள். ‘டெக்’ என்கிறார்கள். வீட்டுக்கு வெளியே, ஆனால் வீட்டோடு சேர்ந்தது. திண்ணை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்.

ஸ்க்ரூடிரைவர் சொன்ன உண்மை

அக்கா வாங்கிய பழைய வீட்டிலும் அப்படி ஒரு தளம் இருந்தது. மேற்பலகைகள் சாம்பல் நிறமாகி, ஓரங்களில் பாசி பிடித்திருந்தன. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மா அக்டோபரில் வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. சரிவான தோட்டத்தில் இறங்கி நடக்க முடியாது. அந்தத் தளம்தான் அவருடைய வெளியுலகம். ‘பலகையை மட்டும் மாத்திட்டா போதும்’ என்பது அத்தானின் திட்டம்.

பார்க்க வந்த தச்சர் ஒரு பஞ்சாபிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் மேற்பலகையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே போனார். தளம் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு நீளமான மரச்சட்டம் இருக்கும். தளத்தின் பாதிப் பாரத்தை அதுதான் தாங்குகிறது. அந்தச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க, மேலே ஒரு தகரத் தடுப்பு மடித்து வைத்திருக்க வேண்டும். முன்பு கட்டியவர் அதை வைக்கவில்லை. பல வருட மழை அந்த இடுக்கில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. வட அமெரிக்காவில் இப்படிப்பட்ட தளங்கள் இடிந்துவிழுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த இணைப்பு விட்டுப்போவதுதான். இங்கே பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. கூட்டம் நிற்கும்போது, பாரம் அதிகமாகும் அந்த நேரத்தில்தான் விழும்.

அக்கா எதுவும் பேசாமல் நின்றாள். முந்தைய கோடையில் மகளின் பிறந்தநாளுக்கு அந்தத் தளத்தில் 14 பேர் நின்று கேக் வெட்டியிருக்கிறார்கள். அன்று மாலையே பின்கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுப் பூட்டினார் அத்தான். பலகை மாற்றும் பேச்சு அதோடு முடிந்தது. அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. கையில் இருந்தது செப்டம்பர் மட்டும். அதற்குப் பிறகு மழை விடாது.

நூறாண்டு கழித்தும் அழுகாத அடிமரம்

லின் கேன்யன் காட்டுக்குள் நடந்தால், ஆளுயரத்துக்கும் மேலே வெட்டப்பட்ட பிரமாண்டமான அடிமரங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் வாய் திறந்ததுபோல ஒரு வெட்டு. அந்த வெட்டில் பலகையைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்றுதான் அந்தக் கால மரவெட்டிகள் ரம்பம் போட்டிருக்கிறார்கள். வெட்டி நூறாண்டுக்கு மேலாகியும், இத்தனை மழையிலும், பல சிடார் அடிமரங்கள் இன்னும் உருக்குலையாமல் நிற்கின்றன.

மேற்குச் செஞ்சிடார் என்ற இந்த மரம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாண மரம். 1988-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. பெயரில் சிடார் என்றாலும் தாவரவியல்படி இது உண்மையான சிடார் இல்லை. சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மையான சிடார் நம் இமயமலைத் தேவதாருதான். செஞ்சிடாரின் வைரம் பாய்ந்த உட்பகுதியில், பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அதை அறுக்கும்போது வரும் வாசனைக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டு. பென்சில் சீவும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை. பென்சிலுக்குப் பயன்படுவதும் இதன் உறவுக்கார மரம் ஒன்றுதான்.

ஐரோப்பியர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கரையின் பூர்வகுடிகளான ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத், மஸ்குவியம் மக்களுக்கு வாழ்க்கையே சிடார்தான். ஒற்றை மரத்தைக் குடைந்து படகு, பிளந்த பலகையில் கூட்டு வீடு, உள்பட்டையை நார்நாராக உரித்துக் கயிறு, கூடை, உடை, மழைத்தொப்பி. நிற்கும் மரத்தைச் சாய்க்காமலேயே அதிலிருந்து பலகையையோ பட்டையையோ உரித்தெடுத்துவிட்டு, மரத்தை வாழவிடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அந்தத் தழும்போடு இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் மரங்கள் இந்தக் கடற்கரைக் காடுகளில் உண்டு.

ஆனால், சிடாரிடம் குறையும் இருக்கிறது. மிகவும் மெதுவான மரம். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ என்றால், இது சுமார் 370 கிலோதான். நாற்காலிக் காலை இழுத்தால் கோடு விழும். பாரம் தாங்கும் சட்டங்களுக்கு அதனால் இதைப் போடவில்லை. செம்பு கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய வேறு மரத்தைத்தான் தச்சர் இறக்கினார். மருந்து உள்ளே இறங்குவதற்காக அந்தச் சட்டங்களில் வரிசை வரிசையாகக் கீறல் போட்டிருந்தார்கள். சிடார், கால் படும் மேல்தளத்துக்கு மட்டும்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. சிடார் அறுக்கும்போதெல்லாம் தச்சர் முகமூடி போட்டுக்கொண்டார். எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். சிடார் தூளில் இருக்கும் ஓர் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். இந்த மாகாணத்து மர ஆலைத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் நன்றாக ஆராய்ந்த நோய் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாபிலிருந்து வந்த ஏராளமானோர் இங்கே மர ஆலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். தச்சரின் தந்தையும் ஆலைத் தொழிலாளிதான். ‘‘அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இருமல் நிக்கல. மரம் நல்ல மரம்தான். தூள்தான் ஆகாது’’ என்றார்.

சரிவில் கால் ஊன்றுவது எப்படி?

2005 ஜனவரியில், பல நாள் பெருமழைக்குப் பிறகு நார்த் வான்கூவரில் ஒரு சரிவு இடிந்து கீழே இருந்த வீட்டின் மேல் விழுந்தது. ஒரு பெண் உயிரிழந்தார். அதன்பிறகு உள்ளூர் நிர்வாகம் சரிவுகளை ஆய்வு செய்து, ஆபத்தான இடங்களைக் கணக்கெடுத்தது. இங்கே மனையின் சரிவில் மண்ணைக் கொட்டுவதோ, கூரைத் தண்ணீரைத் திருப்பிவிடுவதோ சின்ன விஷயம் இல்லை. தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் தளம் கட்டுவதென்றால் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். குழி தோண்டியதும் ஒரு முறை, சட்டம் போட்டதும் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை என்று ஆய்வாளர் வந்து பார்த்தார்.

மொத்தம் ஆறு குழிகள். புல், வேர், தளர்ந்த மேல்மண் எல்லாவற்றையும் தாண்டி, யாரும் கிளறாத கெட்டி மண் வரும்வரை தோண்டினார்கள். குளிர்காலத்தில் மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்தால் உப்பி, தூணையே மேலே தூக்கிவிடும். அதனால் வான்கூவர் பக்கம் குறைந்தது ஒன்றரை அடி ஆழம் போவது வழக்கம். சரிவின் கீழ்ப்பக்கக் குழிகள் இன்னும் ஆழம். மேலோட்டமாக ஊன்றினால், மழையில் ஊறிய மண்ணோடு சேர்ந்து காங்கிரீட்டும் மெல்லக் கீழே நகரும்.

தூண்களின் உயரம் ஒன்றுபோல் இல்லை. மேல்பக்கத் தூண் இரண்டரை அடி, கீழ்ப்பக்கம் ஏழு அடிக்கு மேல். தச்சர் லேசர் கருவியில் மட்டம் பார்த்தார். நம் கொத்தனார்கள் டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான். உயரமான தூண்களுக்குச் சாய்வாகக் குறுக்குக் கட்டைகள் அடித்தார். நிலநடுக்கம் வரக்கூடிய பகுதி இது. தளம் பக்கவாட்டில் ஆடக் கூடாது.

மிக முக்கியமான முடிவு, புதுத் தளம் வீட்டுச் சுவரைத் தொடவில்லை. சுவரோரமும் தனித் தூண் வரிசை கொடுத்து, நடுவே சிறு இடைவெளி விட்டுத் தானே நிற்கும்படி கட்டினார். தண்ணீர் போய்த் தேங்குவதற்கு இடுக்கே இல்லை. பழைய தளத்தைச் சாய்த்த பிரச்னை இங்கே பிறக்கவே வழியில்லை.

நனையட்டும், ஆனால் காயட்டும்

மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அழுக வைக்கும் பூஞ்சை அதில் வளராது. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிட்டால் மரம் தப்பித்துவிடும். தச்சர் செய்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் இதற்காகத்தான்.

தூணின் அடி காங்கிரீட்டில் உட்காரவில்லை. இரும்புத் தாங்கியில் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி. சட்டங்களின் மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காத ஒட்டுநாடா. ஸ்க்ரூ துளை வழியாக ஈரம் உள்ளே போகாது. பலகையை அறுத்த முனைதான் அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதால், ஒவ்வொரு முனைக்கும் தூரிகையால் பூச்சு. தளத்துக்கு அடியில் செடி வளராத துணி விரித்து, மேலே ஜல்லி. பக்கங்கள் அடைக்கப்படவில்லை; காற்று உலாவ வேண்டும்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு பட்டால், சிடாரில் இருக்கும் டானின் அதோடு சேர்ந்து மை கொட்டியதுபோல கறுப்புத் தழும்பை உண்டாக்கிவிடும். மருந்து ஏற்றிய சட்டங்களில் இருக்கும் செம்பும் சாதா இரும்பை வேகமாக அரிக்கும்.

பெயின்ட் அடிக்கவில்லை. பெயின்ட் ஒரு தோல்போல மூடிவிடும். எங்காவது வெடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சுதான் இங்கே பலர் பரிந்துரைப்பது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பூசாமல் விட்டாலும் மரம் வெள்ளி நிறமாக மாறுமே தவிர, உடனே கெட்டுவிடாது. ஆனால், பாசியை விட்டுவைக்கக் கூடாது. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அதற்காக அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால், மெதுவான சிடாரின் மேற்பரப்பு பிய்ந்து சிலும்பும். மென்மையான தூரிகையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எந்தக் காட்டிலிருந்து?

பலகை வாங்கப் போன இடத்தில் அக்காவுக்கும் அத்தானுக்கும் வாக்குவாதம். ஒரு பக்கம், முடிச்சே இல்லாத வழவழப்பான பலகை. அப்படிப்பட்டவை பெரும்பாலும் மிக முதிர்ந்த மரங்களிலிருந்து வருபவை. இன்னொரு பக்கம், ஏற்கெனவே ஒருமுறை வெட்டி மீண்டும் வளர்ந்த காட்டிலிருந்து வந்த, முடிச்சு நிறைந்த பலகை. விலையும் குறைவு. ‘ஒரே தடவ செய்யறோம், நல்லதா வாங்குவோம்’ என்றார் அத்தான்.

பழங்காடுகள் இந்த மாகாணத்தில் சூடான விஷயம். 2021-ல் வான்கூவர் தீவின் ஃபேரி க்ரீக் பகுதியில் பழமையான மரங்களை வெட்டுவதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். இதே வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் ‘ஹாலோ ட்ரீ’ என்ற பட்டுப்போன சிடார் ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஆபத்தாகச் சாய்ந்த அந்த வெற்று அடிமரத்தை அகற்ற வேண்டாம் என்று மக்கள் போராடி, இரும்புத் தாங்கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அண்மை ஆண்டுகளின் கோடை வறட்சியில், உயிரோடு இருக்கும் சிடார்களே நுனி காய்ந்து பழுப்பாகி நிற்கின்றன. லின் வேலியில் நடக்கும்போதே அதைப் பார்க்கலாம்.

அக்கா முடிச்சுப் பலகையைக் கைகாட்டினாள். ‘‘அறுநூறு வருஷ மரத்துமேல உக்காந்து நான் டீ குடிக்கணுமா?’’ என்றாள். அத்தானிடம் பதில் இல்லை. தச்சர் மட்டும் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தில் வெளிர் நிறம் அதிகம் இருந்தவற்றைத் தள்ளிவைத்தார். சிடாரில் வைரம் பாயாத வெளிப்பகுதி, மற்ற சாதா மரம் போலத்தான் அழுகும். முடிச்சு இருந்தால் பாதகமில்லை, வெளிர் மரம் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

வீடியோ காலில் ஒரு மேற்பார்வையாளர்

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா தினமும் வேலையைப் பார்வையிட்டார். முதல் கேள்வியே பலகை இடைவெளியைப் பற்றித்தான். ‘‘கீரை ஆய உக்காந்தா பாதி கீழ போயிரும்லா?’’ அக்கா சிரித்தாள். ‘‘பாய விரிச்சு உக்காரும்மா. அந்தச் சந்து தண்ணிக்கு.’’

இரண்டாவது கேள்விக்குத்தான் தச்சர் யோசிக்க வேண்டியிருந்தது. கதவிலிருந்து தளத்துக்குப் படியே இல்லாமல் சமமாக இருந்தால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. ஆனால், சமமாக வைத்தால் சாரலில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். கடைசியில் ஐந்து அங்குலத்தில், அகலமான ஒரே ஒரு படி. கதவு நிலையை ஒட்டிக் கெட்டியான ஒரு பிடி.

மூன்றாவது, கேள்வியில்லை, உத்தரவு. ‘‘மழையைப் பாக்கணும். ஆனா நனையப்பிடாது.’’ அதற்காகத் தளத்தின் பாதிக்கு மட்டும், வெளிச்சம் உள்ளே வரும் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் கூரை. அதன் தண்ணீர் சரிவில் கொட்டாமல் இருக்க தகரவாரம் வைத்து, குழாய் வழியாக வீட்டின் மழைநீர் வடிகாலில் சேர்த்தார்கள்.

கைப்பிடி விஷயத்தில் யாருக்கும் பேச்சுரிமை இல்லை. இவ்வளவு உயரத் தளத்துக்கு 1,070 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அடி உயரம் கட்டாயம். கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு குழந்தையின் தலை நுழையக் கூடாது என்பதற்கான அளவு அது. அக்கா மகளுக்கு வயது நான்கு.

இறுதி ஆய்வுக்கு வந்தவர் முதலில் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். பிறகு தளத்துக்கு அடியில் குனிந்து போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சிடார் பலகையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மழை ஆரம்பித்தது. நான் சென்னைக்கு விமானம் ஏறிவிட்டேன்.

அம்மா இப்போது அங்கேதான் இருக்கிறார். காலையில் ஸ்வெட்டரும் மப்ளருமாக அந்த ஒற்றைப் படியைப் பிடி பிடித்து இறங்கி, கூரைக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்து கீரை ஆய்கிறாராம். சென்ற வாரம் பேசும்போது, பக்கத்து வீட்டுத் தளத்தில் சுவரோரம் பலகை கறுத்திருப்பதாகச் சொன்னார். அத்தானை அனுப்பி அந்த வீட்டாரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார், கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொடுத்து.